ஒரு பல்லைக் குறைத்து நந்தி மலைக்கு

சென்ற ஜனவரியில் நானும் என் மனைவி சரோஜாவும் பைக்கில் நந்தி மலைக்குப் போனோம். உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டது. பதினோரு வயதான நூறு சிசி வண்டி. முதல் கியரில் முழுக்க முறுக்கியும் நகரவில்லை. வேறு வழியின்றி சரோஜாவை இறங்கச் சொன்னேன். அவளுக்கு வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. அந்த ஏற்றத்தை நடந்து முடித்தவள், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் மாடிப்படி ஏறவில்லை.

கால் வலி குறைந்த அன்று சொன்னாள்: "இன்னொரு தடவை நடுவழியில என்னை இறங்கச் சொன்னீங்கன்னா, வண்டியை மஞ்சுநாத்துக்குக் குடுத்துடணும். நமக்கு பஸ்ஸே போதும்."

மஞ்சுநாத் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ஆறு மாதமாக என் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். ஆகவே மார்ச் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் போன இந்தப் பயணம், ஒருவகையில் என் வண்டிக்குப் பரீட்சை.

பரீட்சைக்கு முன் படிக்க வேண்டுமே. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையில் தாஸ் என்பவர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். என் வயதுக்காரர். முப்பத்தோரு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். தாளில் கணக்குப் போட்டு எடுத்துப் போனேன்.

கணக்கு எளிது. இன்ஜின் பக்கம் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு 14 பல், பின்சக்கரத்தில் இருப்பதற்கு 42. சின்னது மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. சின்னதில் ஒரு பல்லைக் குறைத்தால் மூன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்துக்கு உயரமான படிகள் வைத்தால் சீக்கிரம் ஏறலாம், ஆனால் முழங்கால் அழும். சின்னப் படிகள் வைத்தால் அதிக அடி எடுத்து வைக்க வேண்டும், ஆனால் ஏறிவிடலாம். பல்லைக் குறைப்பது படியின் உயரத்தைக் குறைப்பதுதான்.

நான் பேராசைப்பட்டு, முன்னால் 13, பின்னால் 45 என்று எழுதியிருந்தேன். தாஸ் தாளைப் பார்த்துச் சிரித்தார். என்னைக் கன்னடத்தில் 'மேஷ்ட்ரே', அதாவது வாத்தியாரே, என்றுதான் கூப்பிடுவார்.

"மேஷ்ட்ரே, சும்னே ரெண்டையும் மாத்தாதீங்க. அப்புறம் ஹெப்பாள் ஃப்ளைஓவர்ல சைக்கிள்காரன் உங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போவான்."

"மலை ஏறணுமே தாஸ்."

"ஏறும். ஒரு பல்லு போதும். மலை ஏழெட்டு கிலோமீட்டர்தான். மிச்சமெல்லாம் சமமான ரோடு, அதுல நீங்கதான ஓட்டணும்?"

முதலில் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தார். இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். செயின் தேய்ந்திருந்ததால், பழைய செயினுக்குப் புதுப் பல்சக்கரம் போட்டால் இரண்டும் கெடும் என்று சொல்லி செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்த முழு செட்டையும் மாற்றினார். செட் 410 ரூபாய், அதில் வந்த 14 பல்லுக்குப் பதிலாக ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் தனியாக வாங்கிய 13 பல் சக்கரம் 70, கூலி 80. ஒன்றரை மணி நேர வேலை.

சனிக்கிழமை காலை 5.45க்குக் கிளம்பினோம். ஹெப்பாள் 6.05. அதன்பின் வண்டியின் புதுக் குணம் தெரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் துள்ளிக் கிளம்புகிறது. ஆனால் ஐம்பத்தைந்தைத் தாண்டினால் இன்ஜின் அலறுகிறது. நாலாவது கியர் போட்ட பிறகும் கால் இன்னொரு கியரைத் தேடுகிறது. எலஹங்காவுக்கு அப்பால் ஒரு பால் வண்டி எங்களை முந்தியது.

"ஏங்க, பால்காரர் போறாரு பாருங்க."

"போகட்டும்."

"காசு குடுத்து வேகத்தைக் குறைச்சுட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்."

புது விமான நிலையத்துக்காகச் சாலையில் அங்கங்கே தோண்டியிருந்தார்கள். தேவனஹள்ளி சேர 7.05 ஆனது. இட்லி, காபி, இருவருக்கும் சேர்த்து 34 ரூபாய். மலையடிவாரம் 7.50.

ஏற்றம் தொடங்கியது. என் தோளில் இருந்த சரோஜாவின் கை ஒவ்வொரு வளைவிலும் இறுகியது. இரண்டாவது கியரிலேயே பல வளைவுகள் போயின. அந்தப் பழைய வளைவு வந்ததும் முதல் கியருக்கு இறக்கினேன். வண்டி முனகாமல் ஏறியது. அப்போதுதான் பார்த்தேன், வளைவின் உட்புறத்தில் ஒரு பைக் நிற்கிறது. பக்கத்தில் ஓர் இளைஞர், சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கும் ஓர் அம்மா.

சரோஜா தோளைத் தட்டினாள். "நிறுத்துங்க."

"இங்கயா? நிறுத்தினா மறுபடி எடுக்காது."

"எடுக்கும்னுதானே பல்லை மாத்துனீங்க? நிறுத்துங்க."

நிறுத்தினேன். இளைஞருக்குச் சொந்த ஊர் சேலம். வைட்ஃபீல்டில் வேலை, வண்டி வாங்கி நாலு மாதம். ஊரிலிருந்து வந்த தாயை மலை காட்ட அழைத்து வந்திருக்கிறார். இருவரையும் சேர்த்து வண்டி இழுக்காததால் அம்மாவை இறக்கி நடக்க வைத்திருக்கிறார்.

"இது ஆபீஸ் போற வண்டியாம். அம்மாவை ஏத்துற வண்டி இல்லையாம்" என்றார் அந்த அம்மா. மகன் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நீங்க இவர் வண்டியில ஏறுங்க. நான் இந்தச் சுவர்ல உக்காந்திருக்கேன்" என்றாள் சரோஜா. அந்த அம்மா தயங்கினார். "பயப்படாதீங்க. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவரு. அதட்டுவாரு, கீழ தள்ள மாட்டாரு."

சரிவில் நின்ற இடத்திலிருந்து, சரோஜாவைவிடச் சற்றுக் கனமானவரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். பின் பிரேக்கை மிதித்தபடி மெல்ல முறுக்கி, கிளட்ச் பிடிக்கும்போது பிரேக்கை விட்டேன். ஒரு நொடி நின்றது. பிறகு ஏறியது. மூன்று வளைவு தாண்டிச் சமதளத்தில் அவரை இறக்கினேன். மகன் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்.

திரும்பிப் போனபோது சரோஜா சுவரில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு அதே சரிவில் மறுபடி கிளம்பினேன். 8.35க்கு உச்சி. வீட்டிலிருந்து 61 கிலோமீட்டர்.

மேலே காற்றில் நின்றபோது நானே கேட்டேன்: "நடுவழியில இறங்கிட்டியே, வண்டியைக் குடுத்துடணுமா?"

"நீங்க எங்க இறங்கச் சொன்னீங்க? நானாத்தானே இறங்கினேன்" என்றாள்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் கிளட்ச், ஏர் ஃபில்டர், டயர் காற்று மூன்றையும் பாருங்கள். குற்றம் அங்கே இருந்தால் பல்லை மாற்றிப் பயனில்லை. முன்னால் ஒரே ஒரு பல் குறையுங்கள், அதற்குமேல் வேண்டாம். எனக்கு லிட்டருக்கு 56 கொடுத்த வண்டி இப்போது 52 கொடுக்கிறது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். நெரிசலிலும் மேட்டிலும் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு நல்லது. என் வண்டியைப் போல வேகமானி முன்சக்கரத்திலிருந்து ஓடினால், அது காட்டும் வேகம் மாறாது. மலைக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வளைவுகளில் கார்கள் குறைவு. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். புதுப் பல்சக்கரம் வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக்குக்கு வேலை குறைவு.

ஞாயிறு மாலை மஞ்சுநாத் வழக்கம்போல வந்து வாசலில் நின்று வண்டியைத் தடவிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் சரோஜா உள்ளிருந்து பதில் சொன்னாள்:

"அது முன்ன மாதிரி வேகமாப் போறதில்லீங்க. உங்களுக்குச் சரிப்பட்டு வராது."