எட்டுப் பேர் லிஃப்டில் பதினான்கு பேர்

எங்கள் ஏழு மாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் அறையைத் தனியொருத்தியாக, கையில் ஒரே ஒரு கரண்டியோடு காப்பாற்றியவள் நான். சரி, சரி. ‘தனியொருத்தி’ என்பதில் முக்கால் பங்கைத் தள்ளிவிடுங்கள். கரண்டி மட்டும் உண்மை. மீதி வேலை முழுக்க லிஃப்ட் அக்காவுடையது. அதனால் அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் நான் அடிக்கடி தலைகாட்டினால் கண்டுகொள்ளாதீர்கள்.

லிஃப்ட் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஏழாம் மாடி வரை போகும். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவள். வேலையை விட்ட பிறகும் பின்பாக்கெட்டில் ஸ்பேனர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கல்யாணப் போட்டோவிலும் அந்த ஸ்பேனர் தெரிகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். போட்டோவை இன்னும் நான் பார்க்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை. எங்கள் லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டுச் சோதித்துப் பார்க்க அவள் ஏறினாள். பள்ளி விட்டு வந்த ஆறு வாண்டுகளும் கூடவே ஏறிக்கொண்டன. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. வெளியிலிருந்து ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு பொடிசு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தது.

“இங்க அழறதுக்கெல்லாம் இடம் பத்தாது. நோட்டை எடு” என்றாள் அக்கா.

டூல்பெட்டி மேசையானது. மாடிகளை வைத்தே கூட்டல், கழித்தல் நடந்தது. கதவு திறந்தபோது ஒருவருக்கும் இறங்க மனமில்லை. மறுநாள் அவள் மீதி வேலையை முடிக்க வந்தால், அதே ஆறு பேரும் லிஃப்ட் வாசலில் நோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். “அக்கா, இன்னைக்கு லிஃப்ட் எப்ப நிக்கும்?”

அப்போதுதான் அவர்கள் கழுத்தைக் கவனித்தாளாம். ஆறு கழுத்திலும் கயிற்றில் கட்டிய வீட்டுச் சாவி. அப்பா, அம்மா ஷிஃப்ட் முடிந்து வர ஏழு மணியாகும். அதுவரை பூட்டிய கதவும் படிக்கட்டும்தான் துணை. லீவு நாளென்றால் காலையிலிருந்தே அந்தக் கதைதான்.

அக்கா குடியிருப்பு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில், தண்ணீர் பம்ப்புக்குப் பக்கத்தில் உடைந்த சைக்கிள்கள் கிடந்த அறையைக் கொடுத்தார்கள். பள்ளி நாளில் மூன்றரை முதல் ஏழு, லீவு நாளில் ஒன்பது முதல் ஐந்து. பாடம், விளையாட்டு, ரொட்டி, வாழைப்பழம். பம்ப் ஓடும் பத்து நிமிடம் யார் பேசினாலும் கேட்காது. ஆகவே அந்தப் பத்து நிமிடம் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தலாம் என்பது அறையின் சட்டம். அந்தச் சட்டத்துக்காகவே நானும் தினமும் போவேன்.

அறையின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் கிடையாது. இதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் இத்தனை பேர்தான் குடியிருக்கலாம் என்று அனுமதிச் சீட்டில் போட்டிருக்கும். ஆனால் தங்கச்சி பிள்ளை, ஓரகத்தி பிள்ளை என்று எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். பெயர் எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் வராது. அதனால் ஆளுக்கொரு படம். ஒருத்தி குடை வரைவாள், ஒருவன் மீன், இன்னொருவன் சீப்பு.

ஆள் கணக்கெடுக்க ஃபைலோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. முதல் மாடியிலிருந்து யாராவது தண்ணீர்க் குழாயைத் தொடர்ந்து தட்டுவார்கள். சத்தம் மேலே மாடி மாடியாக ஏறும். கீழே பிள்ளைகள் அறைக்கும் இறங்கும். கூடுதல் பிள்ளைகள் ஒளிந்துகொள்ள வேண்டும். யார் கூடுதல் என்பது பிள்ளைகளுக்கே நினைவிருக்காது. ஆகையால் எல்லாரும் ஒளிந்துகொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன லீவில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆய்வாளர் வருவார். அறை மூடும் ஐந்து மணிக்குள் முப்பது பிள்ளைகளையாவது அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அறை, பழைய கதவுகளைப் போட்டுவைக்கும் கிடங்காகும்.

அக்கா மாடி மாடியாக ஏறி எல்லாரிடமும் சொன்னாள். “செவ்வாக்கிழமை ஃபைலோட வர்ற மனுஷன் நம்ம ஆளு. குழாயைத் தொடாதீங்க. புண்ணியமாப் போகும்!” எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் மாடியில் மட்டும் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணி. ஆய்வாளர் வாசலில் கால் வைத்தார். கீச்கீச்சென்று சத்தமிடும் புது ஷூ, கையிடுக்கில் ஃபைல். அவ்வளவுதான், யாரோ குழாயைத் தட்டிவிட்டார்கள்! டங், டங், டங், டங்!

அறைக்குள் அவர் நுழைந்தபோது முப்பத்து மூன்று ரொட்டித் துண்டுகள் இருந்தன. அவற்றில் பாதி கடித்தவை. பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒரு பென்சில் மட்டும் மேசையில் உருண்டுகொண்டிருந்தது.

“பிள்ளைங்க எங்கம்மா?”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூப்பிட்டால் கூடுதல் பிள்ளைகள் மாட்டும், கூப்பிடாவிட்டால் அறை போகும். அவள் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாள்.

“சார், நீங்க தலையை எண்ண வந்தீங்களா, வீட்டை எண்ண வந்தீங்களா?”

“தலையைத்தாம்மா.”

“யாரு எந்த வீடுன்னு கேப்பீங்களா?”

அவர் ஃபைலைத் திறந்து படிவத்தைக் காட்டினார். “இதுல வீட்டு நம்பருக்குக் கட்டமே இல்லைம்மா. நான் எங்க போய் எழுதறது?”

அக்கா ஸ்பேனரை உருவிக் குழாயைத் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு தட்டு. ஆபத்து இல்லை என்று அர்த்தம். ஒருவரும் வரவில்லை. ஸ்பேனர் சத்தம் பிள்ளைகளுக்குப் புதிது. ப்ளம்பர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் காதுக்குப் பழக்கமானது கரண்டிச் சத்தம்தான். நல்ல வேளையாக அங்கே வந்து நின்ற என் கையில் ஒரு கரண்டி இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள், அடுப்பில் வேலையாக இருந்தேன். கொஞ்சம் வளைந்த கரண்டிதான், அதுவும் போதும்.

தட்டினேன். அடடா, அந்தக் காட்சி! கொடியில் காய்ந்த போர்வைக்குள்ளிருந்து மூன்று பேர். காவலாளி தூங்கிய கட்டிலுக்கடியிலிருந்து நாலு பேர். அவர் கடைசிவரை எழவே இல்லை. படிக்கட்டு அடியிலிருந்த காலி டிரம்மிலிருந்து ஒருத்தி. ஐம்பது பேர் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆய்வாளர் எண்ணியது பத்தொன்பது.

“பதினொண்ணு குறையுதேம்மா” என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி. மணி நாலு இருபது.

டிரம்மிலிருந்து வந்த குடைக்காரி என் சேலையை இழுத்தாள். “பாட்டி, மத்தவங்கல்லாம் லிஃப்டுல ஒளிஞ்சாங்க. உள்ள ஒருத்தன் குதிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அது நின்னுடுச்சு.”

“எங்க?”

“மூணுக்கும் நாலுக்கும் நடுவுல.”

அக்காவின் முகம் ஒரு நொடி வெளுத்தது, அடுத்த நொடி மலர்ந்தது. “சார், ஃபைலைப் பாட்டிகிட்ட குடுங்க. நீங்க என்கூட வாங்க.”

“எங்கம்மா?”

“மொட்டைமாடிக்கு. பேச்சுல நேரம் போவுது!”

ஏழு மாடி. கீச், கீச், கீச் என்று ஷூ அவள் பின்னாலேயே ஏறியது. மேலே இயந்திர அறையில் அக்கா மெயினை அணைத்துவிட்டு, ஒரு இரும்புப் பிடியை அவர் கையில் திணித்தாளாம்.

“இதை அழுத்திப் பிடிங்க. இது பிரேக்கை விடுவிக்கும். நான் சக்கரத்தைக் கையால சுத்தறேன்.”

“நான் தெரியாம விட்டுட்டா?”

“பிரேக் தானா பிடிச்சுக்கும், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. என் இருபத்தாறு வருஷத்து மானம்தான் போயிடும்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். இவள் சுற்றினாள். மூன்றாம் மாடிக் கதவருகே நின்ற நான், லிஃப்ட் மட்டத்துக்கு வந்ததும் கூவினேன். கீழே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி மேலே கேட்டதென்றால் என் குரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா தடதடவென்று இறங்கி வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

‘எட்டுப் பேர்’ என்று எழுதிய லிஃப்டிலிருந்து பதினான்கு வாண்டுகள் கொட்டின. முன்னால் வந்தவன் நோட்டைத் தூக்கிக் காட்டினான். “அக்கா, நின்னதுமே கணக்கு போட ஆரம்பிச்சுட்டோம்! மூணாவது மட்டும் வரலை.”

“குதிச்சது யாருடா?”

பதினான்கு விரல்கள் பதினான்கு பக்கம் நீண்டன.

நாலு ஐம்பதுக்கு எல்லாரும் அறையில் இருந்தோம். ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கம் முழுக்கக் குடை, மீன், சீப்பு, பல்லி.

“என்னம்மா இது?”

“கூப்பிட்டுப் பாருங்க சார்.”

அவர் தொண்டையைச் செருமினார். “குடை?”

“இருக்கேன் சார்!”

“மீன்?”

“இருக்கேன்!”

“இது... உருளைக்கிழங்கா?”

“யானை சார்! அது நான்தான்!”

பிறகு அவருக்கே குஷி வந்துவிட்டது. வாத்தியார் மாதிரி குரலை ஏற்றி இறக்கி முப்பத்து மூன்று பேரையும் கூப்பிட்டு முடித்தார். படிவத்தில் ‘அறை தொடரலாம்’ என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை மூடப்போனால், பிரேக் பிடியிலிருந்து அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கிரீஸ் அந்தப் பக்கத்தில் அப்பிக்கொண்டது. “அதான் சாரோட படம்!” என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்பேனரை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று அந்தக் கறைக்குக் கீழே பிள்ளைகள் எனக்கும் ஒரு படம் வரைந்தார்கள்: வளைந்த கரண்டி. அறையைக் காப்பாற்றியதற்கு அவர்கள் தந்த பட்டம் அது.

இவ்வளவையும் எழுதி, இன்று அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அக்கா பசை டப்பாவைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சரி பாட்டி. ‘யாரோ குழாயைத் தட்டிவிட்டார்கள்’னு எழுதியிருக்கீங்களே, அந்த யாரோ யாரு?”

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். குடைக்காரி முந்திக்கொண்டாள்.

“பாட்டிதான்! அப்படி ஓங்கித் தட்டினதுலதான் கரண்டியே வளைஞ்சுது. அதுக்குத்தான் அந்தப் படம். பட்டமெல்லாம் இல்ல.”