மச்சாளின் கண்ணாடியும் என் கறுப்புப் பிரேமும்

அந்தக் கண்ணாடியில் சொக்லேட் மணம் அடித்தது...

கனடாவிலிருந்து மாமி அனுப்பிய பார்சல். சவர்க்காரம், சொக்லேட், சென்ற் போத்தல், மாமாவின் பழைய ஜக்கெற். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. திறந்தால் ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி மெல்லிய பிரேம். மாமியின் மகள், அதாவது என் மச்சாள், இரண்டு வருடம் போட்டுக் கழித்தது.

நான் அப்போது வேலணையில் ஒரு கொமினிகேசனில் வேலை. போட்டோக்கொப்பி, ரைப்பிங், ஆட்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது... புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் போய் இறங்கினால் பின்னேரம் வரை கொம்பியூட்டருக்கு முன்னால்தான். ஆறு மாதத்தில் கண் எரிவும் தலையிடியும் தொடங்கிவிட்டன. யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் பார்த்து, பவர் எழுதித் துண்டு தந்தார். அம்மா அதைப் படம் எடுத்து வட்சப்பில் மாமிக்கு அனுப்பினார்.

மாமியின் குரல் உடனே வந்தது. "ஏன் அங்க காசைக் கொட்டுறியள்? இங்க பிள்ளையின்ர கண்ணாடி சும்மா கிடக்குது. நல்ல சாமான். அனுப்பிவிடுறன்."

மச்சாளின் பவரும் என் பவரும் ஒன்றா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை! எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமானில் பிழை பிடிக்கிற வழக்கம் இல்லை. சப்பாத்து பெரிதென்றால் முன்னுக்குப் பஞ்சு வைப்போம். சட்டை இறுக்கமென்றால் மூச்சைப் பிடிப்போம். கண்ணாடி போட்டுத் தலை சுற்றினால்...

"போடப் போடப் பழகும்" என்றார் அம்மா.

மூன்று கிழமை போட்டேன். நிலம் மேலே எழும்பி வருவது போல இருக்கும். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.

அந்த நாட்களில்தான் நெடுந்தீவிலிருந்து ஒரு அக்கா வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். பிறந்த திகதியில் எட்டை மூன்றென்று அடித்திருக்கிறேன். பதிவுக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுசி திரும்பவும் போட் ஏறி, பஸ் பிடித்து, வெயிலுக்குள்ளால் வந்து அதே தாளை என் மேசையில் வைத்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

"பிள்ளை, எனக்குக் கண் வடிவாய்த் தெரியாதெண்டுதானே உம்மட்டக் கொண்டு வந்தனான்..."

திரும்ப அடித்து, ஒவ்வொரு இலக்கமாய் விரல் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன்.

கடைக்கார அண்ணை அவர் போகும் வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் வேற ஆளைத்தான் பார்க்கவேணும், தங்கச்சி."

அந்த வேலை போனால் எனக்கு வீடுதான். வீடென்றால் மாமி சொல்கிற சம்பந்தம் வரும்வரை காத்துக்கொண்டு இருப்பது. என்னால் ஏலாது.

சம்பளம் கிடைத்த அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். "மாமா அனுப்பின காசு இருக்குது, அதில எடு" என்றார் அம்மா. தொடவில்லை. மாமாவின் காசில் வாங்கினால் பிரேமையும் மாமிதான் தெரிவு செய்வார்!

கடைப் பெடியன் தட்டுத் தட்டாய்க் கொண்டுவந்து பரப்பினான். எல்லாம் ரோஸ், எல்லாம் மெல்லிசு. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதுதான் வடிவு, அக்கா. முகத்தில போட்டதே தெரியாது."

"ஏன் தெரியக்கூடாது?" என்று கேட்டேன். ஆண்கள் பக்கத்துத் தட்டில் இருந்த தடித்த கறுப்பை எடுத்தேன். மூக்கில் வழுக்காமல் நின்றது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

"கொம்பியூட்டர் வேலையெண்டால் நீலக் கோட்டிங் போடுங்கோ. கொஞ்சம்தான் கூட வரும்."

"அது இல்லாட்டில் எழுத்துத் தெரியாதோ?"

"தெரியும்... ஆனால்..."

"அப்ப வேண்டாம்."

அப்படியும் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. போகட்டும்! புதுக் கண்ணாடியோடு திரும்பி வரும்போது பண்ணைக் கடலில் வலை கட்டிய தடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் தனியே இருந்து சிரித்தேன், விசரி மாதிரி.

அடுத்த ஞாயிறு, சம்பந்தக்காரர் வீடியோ கோலில் என்னைப் பார்க்க ஏற்பாடு. கனடாவில் மாமி வீட்டில் மாப்பிள்ளையும் தாயும் வந்திருந்தார்கள்.

"பத்து நிமிசம்தானே, அதைக் கழட்டு" என்று அம்மா கெஞ்சினார். கழற்றவில்லை.

மாமியின் முகம் போனில் பெரிதாக வந்தது. "என்னடி இது, ரீச்சர் மாதிரி! நான் அனுப்பினது எங்க?"

"அது மச்சாளின்ர கண்ணுக்கு எடுத்தது, மாமி. இது என்ர கண்ணுக்கு எடுத்தது."

"கலியாணப் பேச்சு நடக்கேக்க இப்பிடிக் கண்ணாடியோட வந்து நிண்டால் என்ன நினைப்பினம்?"

"கண்ணாடி போட்டிருக்கிறனெண்டு நினைப்பினம்."

அந்தச் சம்பந்தம் பிறகு பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டது. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கவலைப்பட்டேனா? ஓம், ஒரு கிழமை. பொய் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை வடிவாய்த்தான் இருந்தார்! ஆனால் அதற்குப் பிறகு நான் அடித்த விண்ணப்பம் ஒன்றும் பிழையென்று திரும்பி வரவில்லை. வேலையும் போகவில்லை.

இப்போது அதே வேலணையில் எனக்கென்று ஒரு சின்னக் கடை இருக்கிறது. படிவம் நிரப்ப வருகிற பெட்டைகள் பவரே இல்லாத பெரிய கறுப்புக் கண்ணாடியை ஸ்டைலுக்குப் போட்டுக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். பார்க்கச் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறாமையும் வரும். ஒரு பிரேமுக்காக நான் எவ்வளவு சண்டை பிடித்தேன்...

பிறகு கலியாணம் முடிந்ததா என்று கீழே கொமன்ற்றில் கேட்கப்போகிறவர்களுக்கு: அது வேறு கதை, உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் மாமா அனுப்பிய காசு. ரீவியும் அப்படித்தான். நான் படுத்த கட்டில்கூட அப்படித்தான். நன்றி மறக்கவில்லை. ஆனால் மூன்றாவது தரமும் பவர் கூடி, போன மாதம் புதுக் கண்ணாடி எடுத்தேன். அதே தடித்த கறுப்பு. காசு நான் கொடுத்தேன். இந்தக் கண்ணால் எதைப் பார்ப்பது என்பதையும் நான்தான் தீர்மானிப்பேன்.