அண்ணாந்து குடித்த விஸ்கி

இந்த ஊரில் மீன் நாறுவதில்லை. ஒசாகாவுக்கு வந்த ஏழு மாதமாகத் தினமும் காலையில் ஒரு மீன்கடையைத் தாண்டித்தான் தொழிற்சாலைக்குப் போகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மேல் மீன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். கடைக்காரர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருப்பார். மூக்குக்கு ஒன்றுமே எட்டாது. மதுரையில் மீன் மார்க்கெட் இருக்கும் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பெட்டியில் வந்து இறங்கும் கடல் மீனை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கம் மீன் என்றால் கண்மாய் மீன்தான். அதையும் என் அம்மா சாம்பல் போட்டு உரசி, கல் உப்பும் மஞ்சளும் போட்டு ஐந்தாறு தண்ணீர் மாற்றி அலசி, புளிக்கரைசலில் கொதிக்கவிட்ட பிறகுதான் வாயில் வைக்கலாம் என்று ஒப்புக்கொள்வாள். அத்தனை பாடும் நாற்றத்தை விரட்டத்தான். நாற்றமே இல்லாத மீனை இவர்கள் என்னதான் செய்வார்கள் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் தின்பார்கள் என்று தோன்றவில்லை.

நானும் செல்வராஜும் மதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து, புதிய இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வர ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்கள். அவன் ஒத்தக்கடை ஊர்க்காரன். அவன் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், தாத்தாவும் நாலெழுத்துப் படித்தவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் அப்பா இன்றைக்கும் கைநாட்டுத்தான். ஆனால் எங்கள் பக்கம் ஆளை நிறுக்கும் தராசு வேறு. நாங்கள் நிலம் உள்ள ஊர்த்தெரு. அவன் குடும்பம் சேரியிலிருந்து வந்தது. மில்லில் நாலு வருஷம் ஒரே ஷிப்டில் நின்றும் அவன் என்னை "தங்கராசு" என்பான், நான் அவனை "செல்வராஜ்" என்பேன். அதைத் தாண்டிப் போனதில்லை. ஒசாகா வந்த இரண்டாம் வாரம், அறையில் ஸ்டவ் பற்றாமல் நான் புகைந்துகொண்டிருந்தபோது, "தள்ளு மாப்ள, நான் பாக்குறேன்" என்றான். பெண் கொடுத்து எடுக்கும் முறைக்காரனை அழைக்கும் சொல் அது. நானும் மாப்ள என்றேன். எங்கள் பக்கத்து ஆள் காதில் விழாத ஊரில் எத்தனை லேசாக வந்துவிட்டது அந்தச் சொல்! வேலை முடிந்து அறைக்கு வந்து அவனோடு ஒரு மணி நேரம் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஒருவனைத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை விருந்தில் தொலைக்கப் பார்த்தேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் பிரிவுத் தலைவர் தனாகா ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர். வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஜப்பான் ருசியைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதலில் சுஷி, பிறகு விஸ்கி. ஆங்கிலம் தெரிந்த கிமுரா என்ற இளைஞரை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள். எந்த மீனை எதற்குப் பின் தின்ன வேண்டும் என்றுகூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நால்வர். அந்தப் பக்கம் சமையல்காரர் வெறுங்கையால் சோற்றைப் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு பச்சை மீனை வைத்து அழுத்தி, முன்னால் வைத்தார். சோறு ஆறிப்போயிருந்தது, புளித்த காடியின் வாடை வேறு. முதல் துண்டு நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்கக் கூசியது. குளிர்ந்த, வழவழத்த, இன்னொருவருடைய நாக்கை என் வாய்க்குள் வைத்துக்கொண்டது போல இருந்தது. மெல்ல முடியாமல் முழுங்கினேன். கணவாய் ரப்பராக இழுபட்டது. கடைசியில் முள்ளெலி மாதிரி ஒரு கடல் பிராணியின் உள்ளேயிருந்து வழித்தெடுத்த மஞ்சள் கூழ் ஒன்று வந்தது. கட்டி உடைந்து வரும் சீழைத் தவிர வேறு எதையும் எனக்கு அது நினைவூட்டவில்லை. மீன் கண்ணில் படக்கூடாது என்று வைத்த வேகத்தில் விழுங்கி டீயைக் குடித்தேன். அதுதான் தப்பாகிப் போனது. பலகை காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம் போலிருக்கிறது. சமையல்காரர் சிரித்தபடி அடுத்ததைப் பிடித்தார். கல்யாணப் பந்தியில் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டுவோமே, அப்படி நீட்டி மறித்தேன். அவர் மகிழ்ந்துபோய் மீனை என் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். கையில் வாங்கித் தின்பதுதான் பழைய முறையாம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கிமுரா வியந்தார்.

பக்கத்தில் செல்வராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் மாப்ள, அம்புட்டையும் முழுங்கிட்டு மொகத்த மட்டும் எழவு வீட்டுல வச்ச மாதிரி வச்சிருக்க?"

"கொமட்டுதுடா. ஒனக்கு எப்படி எறங்குது?"

"மெல்லாம முழுங்குனா கொமட்டத்தான் செய்யும். நல்லா மென்னு தின்னு பாரு. எளநி வழுக்கை கணக்கா இருக்கு."

அப்போதுதான் தனாகா சாக்கே என்ற தன் அரிசி மதுவைக் குடித்துவிட்டு, அதே சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மேலதிகாரி தன் கோப்பையைக் கொடுப்பது பெரிய மரியாதை என்றார் கிமுரா. விளிம்பில் அவருடைய எச்சில் மினுங்கியது. எச்சில் டம்ளர் வீட்டில் கிடந்தால் அம்மா அதைத் தனியாக எடுத்துப்போய் விளக்குவாள். இருந்தாலும் அதிகாரி ஆயிற்றே என்று, கண்ணை மூடி, வாய் வைத்துக் குடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அதைச் செல்வராஜ் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஸ்கிக் கடை குறுகலான மாடியில் இருந்தது. வட்டம் வரைந்த தாளின்மேல் ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கிளாஸ். முதலில் முகர வேண்டும், பிறகு நாக்கில் உருட்ட வேண்டும், பிறகு என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். கிமுராவுக்குத் தேன் தெரிந்தது, பழைய மரம் தெரிந்தது. எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறைதான் தெரிந்தது. டிஞ்சரின் அதே நெடி. ஊரில் மதுவிலக்குக் காலத்தில் ஓடைக்கரையில் ஒளித்துக் காய்ச்சியதைக் குடித்துவிட்டு என் சித்தப்பா திண்டாடியது தெரிந்தது. அவரும் இப்படித்தான் முகர்ந்து பார்ப்பார். "எங்கப்பாரு மட்டும் இதப் பாத்தா, குடுத்த ஞானஸ்நானத்தத் திருப்பிக் கேப்பாரு" என்று செல்வராஜ் என் காதில் சொன்னான். குமட்டலுக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்குள் கடைசியாக நடந்த நல்ல விஷயம்.

கடைசியில் தனாகா, அந்தக் கடையில் தன் பெயர் எழுதிய அட்டை மாட்டி வைத்திருந்த சொந்தப் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். அடியில் ஒரு கிளாஸ் அளவுதான் மிச்சம். அவரும் நாங்கள் இருவருமாக ஒரே கிளாஸில் பகிர்ந்து முடிக்கலாம், அப்புறம் நாம் ஒரே வீட்டார் என்றார். அவர் ஒரு வாய் குடித்துச் செல்வராஜிடம் கொடுத்தார். அவன் ஒரு வாய் குடித்தான். பிறகு, அவர் செய்தது போலவே இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா மாப்ள."

வாங்கினேன். அவன் உதடு பட்ட இடம் எது என்று என் கண் தேடியது. தனாகாவின் உதடு பட்ட இடத்தைத் தேடவில்லை. யோசித்துச் செய்ததல்ல, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். என் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது, கை உயர்ந்தது. கிளாஸ் உதட்டில் படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து விஸ்கியை வாயில் ஊற்றிக்கொண்டேன். பாதி மூக்கில் ஏறியது, மீதி சட்டையில் வழிந்தது. இருமி நிமிர்ந்தபோது தனாகா கைதட்டிக்கொண்டிருந்தார்.

கிமுரா ஆர்வமாகச் செல்வராஜைக் கேட்டார்: "இது இந்தியப் பழக்கமா?"

செல்வராஜ் என்னைப் பார்த்தான். "ஆமாம். எங்கள் ஊர்ப் பழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மணி எட்டுகூட ஆகவில்லை. நான் முந்திக்கொண்டு, "நம்ம ஊர்ல எல்லாரும் அண்ணாந்துதானடா குடிக்கிறோம். கை பழக்கத்துல வந்துருச்சு" என்றேன்.

"அந்தாளு குடுத்த கோப்பையில வாய் வச்சீங்கள்ல" என்றான்.

வைத்தீர்களே என்கிறான். மரியாதை கொடுக்கிறான். அந்த 'ங்க' என் நெஞ்சில் இறங்கியதைப் போல அன்றைக்குச் சாப்பிட்ட எந்த மீனும் இறங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான்: "கெளம்புற அன்னைக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போக ஒங்க வீட்டுக்கு வந்தேன். ஓடிப்போயி கடையில கலர் வாங்கியாந்து குடுத்தீங்க. வெயிலுக்குத்தான்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

வெயிலுக்கு அல்ல. அம்மா அடுப்படியில் காபியை ஆற்றிவிட்டு, எந்த டம்ளரில் கொடுப்பது என்று என் முகத்தைப் பார்த்தாள். வீட்டு டம்ளரை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொட்டாங்கச்சியை எடுக்கச் சொல்லும் காலமும் இல்லை. சைக்கிளை மிதித்துப் போய்க் கலர் சோடா வாங்கி வந்தேன். பாட்டில் கடைக்காரனுடையது; வீட்டுப் பாத்திரம் எதுவும் தொடப்படவில்லை; வந்தவன் மனமும் நோகவில்லை. படித்தவன் எப்படிச் சமாளித்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பச்சை மீனை, மஞ்சள் கூழை, அதிகாரியின் எச்சிலை விழுங்கிய அதே வாய் அவனிடம் மட்டும் மூடிக்கொண்டது. விருந்துக்கு மறுநாள் முழுக்க வாந்தி எடுத்தேன். மீனால் என்று டார்மிட்டரிக் காப்பாளர் மருந்து கொடுத்தார். என்னைப் பார்த்து எனக்கே வரும் குமட்டலுக்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை.

அதற்குப் பிறகு செல்வராஜ் சண்டை போடவில்லை. ஸ்டவ் பற்றாவிட்டால் இப்போதும் பற்றவைத்துத் தருகிறான். குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்கிறான். எல்லாம் நீங்க, வாங்க, போங்கதான்.

போன வாரம் கான்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு திரும்புகிறேன், ஒரு மேஜை முழுக்கச் சிரிப்பு. தனாகா நடுவில் நின்று இந்தியப் பழக்கம் சொல்லிக்கொடுக்கிறார். எட்டுப் பத்துப் பேர் டீக்கோப்பையைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றுகிறார்கள், கழுத்தெல்லாம் டீ. "சரியாகச் செய்கிறோமா?" என்று என்னைக் கேட்டார். நான் அடுத்த மேஜைக்குப் போனேன். செல்வராஜ் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, ஒன் டீயில ஒரு வாய் குடு" என்றேன். அந்த மேஜை முழுவதும் பார்க்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. "இது ஆறிப்போச்சு. ஒங்களுக்குச் சூடா வேற வாங்கிக்கங்க."

அந்த மேஜையில் ஜப்பான்காரர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக அண்ணாந்துகொண்டிருந்தார்கள். இந்த மேஜையில் என் ஊர்க்காரன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டில் வைத்து, ஜப்பான்காரனைப் போல நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று தெரியாமல் நான் தட்டோடு நடுவில் நின்றிருந்தேன்.