பெலிக்ஸ் அண்ணன் சிடிக்குக் கூடிய கூட்டம்

பெலிக்ஸ் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, காபி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்... காபி வருவதற்குள்.

தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீடு. மாதா கோயில் பேண்டில் பெரிய சாக்ஸபோன் அவருடையதுதான். சாவு ஊர்வலம் என்றால் அதன் உறுமல் முதலில் வரும்.

அவரும் பேண்டு நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். வெறும் சாக்ஸபோன்கள். ஜாஸும் கர்நாடக சங்கீதமும் கலந்து... மோகனத்தில் கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு வீடு திரும்பும்.

தெருவில் வீட்டுக்கு ஒரு சிடி கொடுத்தார். யாரும் போடவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் முதல் கேள்வியே "யாரு தவறிட்டா?" என்பதுதான்.

என் மாமியார் கவரைக்கூடப் பிரிக்க விடவில்லை. "பச்சப்புள்ள இருக்குற வூட்ல சாவுப் பாட்டு போடுவியா?"

அப்போது என் மகன் ஆதி தவழ ஆரம்பித்திருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கிலுகிலுப்பை, தட்டு, கைதட்டல்... எதற்கும் இல்லை. பாண்டிச்சேரி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஒரு மத்தியானம். மாமியார் கடைத்தெருவுக்குப் போன நேரம். சிடியைப் போட்டு வால்யூமை முழுதாகத் திருப்பினேன்.

அண்ணனின் சாக்ஸபோன் உறுமியதும்... ஆதி திரும்பினான். ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தான். அதை நோக்கித் தவழ்ந்தான்.

அவனை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அழுகை நிற்கவே இல்லை.

உள்ளே சாக்ஸபோன். வாசலில் அழுகிற நான். தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டு ஜெயா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "அழுவாதம்மா... காலையிலகூட உன் மாமியாரு நல்லாத்தான பேசுனாங்க!"

அந்த மாமியாரே முருங்கைக்காய்ப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாருடி ஜெயா செத்தது?"

ஜெயா அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே...

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெலிக்ஸ் அண்ணனும் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஆதியின் காதை மெல்லத் தடவினார். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "ரிலீஸ் பண்ணப்பகூட இவ்ளோ பேர் வரலைங்க. உக்காருங்க எல்லாரும், ரெண்டாவது பாட்டு இன்னும் நல்லாருக்கும்."

உட்கார்ந்து கேட்டார்கள்!

"காதுக்குள்ள நீர் கோத்திருக்கு, சரியாயிடும்" என்றார் டாக்டர். சரியாகிவிட்டது. அதன்பிறகு மாமியாரே அந்த சிடியைப் போட்டுத்தான் ஆதிக்குச் சோறு ஊட்டுவார். வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டான்.

இன்று சாயங்காலம் ஊர்வலம். வாசலில் நின்றிருந்தோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த ஆதிதான் முதலில் தெருமுனைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது. மீதி மூன்று பேரும் சாவுப் பாட்டை விட்டுவிட்டு, ஆல்பத்தின் முதல் பாட்டை வாசித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணனின் இடத்தை அப்படியே காலியாக விட்டு.

ஆதி என் முகத்தைத் திருப்பிக் கேட்டான். "அம்மா... சோறு?"

அவனைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவனுக்குத்தாண்ணே முதல்ல கேட்டுச்சு. போயிட்டு வாங்க.