பதினெட்டு ஆயிடுச்சா உங்க வீட்ல?

காலையில் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக் கொடுப்பதும், மத்தியான வெயிலில் வீடு வீடாகப் போய் யாருக்குப் பதினெட்டு முடிந்தது என்று விசாரிப்பதும் ஒரே ஆளின் வேலை. அங்கன்வாடியையும் வாக்காளர் பட்டியலையும் சேர்த்துச் சுமக்கும் தோழிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தவை பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏரி, நடுவில் விண்ணப்பக் கட்டோடு நான்.

படகு ஓட்டுகிறவன்

ஏழுமலை அண்ணன் தன் மகன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பையனுக்குப் பதினாறு. "ஆம்பளையாயிட்டான் டீச்சர், எழுதிக்கோ" என்றார். லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டி இதே பையன் போலீஸில் மாட்டியபோது, "பச்சப்புள்ள சார், ஒண்ணும் தெரியாது" என்று இதே அண்ணன் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்தவள். அதைச் சொன்னேன். "அது ரோடு, இது நாடு" என்று ஒரே போடாகப் போட்டார்.

சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றேன். அதுவரை வலையை உதறிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். மணல் மேடிட்டுக் கிடக்கும் முகத்துவாரத்தில், அலை எந்தப் பக்கம் புரட்டும் என்று தெரியாத இடத்தில், அவன்தான் சுக்கான் பிடிக்கிறவன். அவன் கேட்டான்: "அஞ்சு பேரு உசுர என் கைல குடுத்துட்டுப் படகுல தூங்கறாங்க. ஒரு பட்டன அமுக்க மட்டும் இந்தக் கை பத்தாதா டீச்சர்?"

இளைஞரணி

கடைத்தெருவில் புது வாக்காளர் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே ஒரு கட்சியின் இளைஞரணித் தலைவர் மைக் பிடித்தார். மீசைக்குப் பூசிய மை வியர்வையில் இறங்கி வெள்ளைச் சட்டைக் காலருக்கு வந்துவிட்டது. 'இளைஞர்களே, உங்கள் கையில்தான் நாடு' என்று அவர் உச்சத்துக்குப் போன நேரம், ஒரு குழந்தை மேடையேறி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ஐஸ்" என்றது.

தலைவர் சமாளித்துக்கொண்டு, எங்கள் அணியில் சேர யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டார். நண்டு விற்றுவிட்டு வந்து நின்ற ஒருத்தன் கையைத் தூக்கினான். "அண்ணே, உங்க இளைஞரணில சேரணும்னா எத்தினி பேரப்புள்ள இருக்கணும்?"

ஒரே ஒரு ஓட்டு

பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்று. மகன் சென்னையில் காலேஜ் படிக்கிறான். நாட்டு நடப்பைப் பற்றி போனில் உலகத்தோடெல்லாம் சண்டை போடுவான். விண்ணப்பத்தை நீட்டினால் மட்டும் அப்புறம் என்பான். இவனுக்காக நான் நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. அவன் உம்மாவே வெட்கப்பட்டு, "ஏன்டா, டீச்சரம்மாவ இப்படி அலைய வெக்கற?" என்று அதட்டினாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "டிவி பாட்டுப் போட்டில தெனமும் ஓட்டு கேக்கறாங்க. கவர்மென்ட் அஞ்சு வருசத்துக்கு ஒண்ணு குடுக்குது. யாரு நம்மள மதிக்கறாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

பேரை எடுத்துடு

மகளுக்குப் பதினெட்டு முடிந்த அன்றைக்கே பட்டியலில் சேர்க்கச் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு அப்பா, அடுத்த வருஷம் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பெண் பக்கத்துக் குப்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸ்டேஷனில் பஞ்சாயத்து. "பட்டியல்லேர்ந்து அவ பேர எடுத்துடு. அவளுக்குப் பதினேழுதான்னு வந்து சொல்லு. பொறந்தப்ப எடை போட்டவ நீதானே. உன் பேச்சு எடுபடும்" என்றார். நான் அப்படிச் சொன்னால் அந்தப் பையன் வருஷக்கணக்கில் உள்ளே போவான்.

ஸ்டேஷனுக்குப் போனேன். பெண் என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் எங்கே பொய் சொல்லிவிடுவேனோ என்று. உள்ளதைச் சொன்னேன். அவர்களை அனுப்பிவிட்டார்கள், இப்போது சுண்ணாம்புக்குளத்தில் குடித்தனம். வாசலில் அப்பாவைப் பிடித்து, "போன தேர்தல்ல நீங்கதானே கூட்டினு போய் அவள ஓட்டு போட வெச்சீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாட்டுக்கு ஆளத் தேடற வயசு வந்துடுச்சு டீச்சர். அவளுக்கு ஆளத் தேடற வயசு வரல."

ஊர் சொன்னது

முகத்துவாரத்தைத் தூர்வாரும்வரை யாரும் ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு குப்பத்தில் முடிவு செய்தார்கள். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அந்த ஊர்க்கூட்டத்தில் கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே பேச்சு. மற்றவர்களுக்குச் சேதி மட்டும்.

தேர்தலன்று சாவடி காலியாகக் கிடந்தது. வெளியே சீட்டு கொடுக்க நான்; எதிரே மரத்தடியில் காவலுக்கு ஊர்த்தலைவர். கலைவாணி வந்தாள். நர்ஸிங் படிக்கிறவள், முதல் ஓட்டு. பின்னாலேயே அவள் அப்பா.

"ஊர் சொன்னது காதுல உழலியா? உங்க நைனாவுக்கு ஏரில வலை போட மொறை கெடைக்காது, பாத்துக்க" என்றார் தலைவர். விளையாட்டுப் பேச்சில்லை அது. ஏரியில் யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்பது ஊர்தான்; அது போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சீட்டு வாங்க நீட்டிய கையை அவள் பாதியில் நிறுத்தினாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "நீ போம்மா" என்றார்.

அவள் தலைவரிடம் திரும்பினாள். "ஊர்க்கூட்டத்துல என்னைக் கேக்கல மாமா. இங்கதான் கேக்கறாங்க." உள்ளே போய்விட்டாள்.

விரல் மையோடு அவள் தெருவில் நடந்து போனதைப் பெண்கள் பார்த்தார்கள். மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு கல்யாணமாகாத பையன்கள் கும்பலாக, பிறகு தலைவரின் மனைவி. முறையை நிறுத்துவதென்றால் இப்போது ஏரியையே மூட வேண்டும். கதவடைக்கப் போகும் நேரத்தில் தலைவரே துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினார்: "சீட்டக் குடு. ஊரே போட்டுடுச்சு, நான் மட்டும் போடலன்னா என் மரியாத இன்னா ஆவறது?"

இத்தனை வருஷ அலைச்சலில் நான் கண்டது, பதினெட்டு ஆனதற்கு அத்தாட்சி கேட்கிற சட்டம், அறுபது ஆனவருக்கு விவரம் வந்ததா என்று ஒரு தரம்கூடக் கேட்பதில்லை என்பதுதான்.