கோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை மத்தியானம் லீவு கிடைக்குமென்றால் அக்கா எந்த வண்டியையும் ஓட்டுவாள் என்பது பஸ் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். விடிகாலை முதல் வண்டியா, பிரேக் சரியில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட பழைய வண்டியா, கொடுங்கள் என்பாள். ரக்பி சீசன் தொடங்கிவிட்டால், டூட்டி போடுகிற டைம்கீப்பர் அவளைக் கண்டதுமே, "எந்தச் சனிக்கிழமை?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு, "ரூட் ஒத்துவரல" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவாள். தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். அவளுக்கு அது போதும். ஆனால் மைதானத்தின் மேற்கு மூலையில், கம்பி வேலியை ஒட்டிய முதல் வரிசையில் தம்பிக்குப் பக்கத்து இருக்கையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவள் தொண்டையைத் திறந்தால் எதிர் கேலரி வரைக்கும் கேட்கும். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தம்பி டயர் கடை வைத்திருந்தான். இளவட்டமாக இருந்தபோது அவனும் அதே மைதானத்தில் ஆடியவன்தான். இரண்டு அணியிலும் தடித்த ஆட்கள் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்களே, அந்த ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நிற்பான். அவன் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் ஒன்று உண்டு. பாதியில் தலையில் அடிபட்டு, எழுந்து, எதிரணியின் வரிசையில் போய் நின்றான். மைதானமே சிரித்தது. யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட, கடைசி வரை ஆடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி, ஜெயிக்கிற ட்ரையையும் அவனே வைத்தான். மறுநாள் காலையில், "நேத்து மேட்ச் என்னாச்சு அக்கா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இன்று வரைக்கும் அந்த ஆட்டம் அவனுக்கு நினைவில்லை. டயர் மாட்ட வருகிறவர்களிடம் அதை ஒரு தமாஷாகச் சொல்வான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா சிரிப்பதில்லை.

அவன் மகள் இப்போது பெண்கள் அணியில் ஆடினாள். உருவத்தில் சின்னவள், ஓட்டத்தில் பிடிபடாதவள். அதனால் அணியில் அவளுக்குப் பெயர் சுண்டெலி. பந்து கைக்கு வந்ததும் ஓரத்துக் கோட்டை ஒட்டிப் பறப்பதுதான் அவள் வேலை.

அன்றைக்குக் கோப்பை ஆட்டம். மதியத்திலிருந்தே நசநசவென்று தூறல். இரண்டாம் பாதியில் முக்கால்வாசி போய்விட்டது. நம் பக்கம் பின்தங்கியிருந்தது, ஆனால் ஒரு ட்ரை வைத்துவிட்டால் கோப்பை கையில். மாற்று ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே ஆட இறங்கிவிட்டார்கள், இனி யார் வெளியே வந்தாலும் அணியில் ஒரு ஆள் குறையும்.

அந்த நேரத்தில்தான் எதிரணியின் நெட்டை ஒருத்தி பந்தோடு சீறிக்கொண்டு வந்தாள். சுண்டெலி பாய்ந்து அவள் காலைக் கட்டினாள். அவளுடைய முழங்கால் சுண்டெலியின் காதோரத்தில் இடித்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. நெட்டைக்காரி விழுந்தாள், பந்து நழுவியது, கேலரி எழுந்து கூத்தாடியது. சுண்டெலி சேற்றில் குப்புறக் கிடந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள்.

அணியின் பிசியோ ஓடிவந்து அவள் கண்ணைப் பார்த்தார், கேள்வி கேட்டார். அவளும் டக் டக்கென்று பதில் சொன்னாள். பிசியோ தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"பாத்தியா? என் பொண்ணு!" என்றான் தம்பி. அவன் குரலில் ஏதோ குறைந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் களத்திலேதான் இருந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்குவதற்காக அணி இடதுபக்கமாக நகர்ந்தது. சுண்டெலி மட்டும் எதிர்த்திசையில், தூரத்து மூலைக்கு ஓடினாள். முதல் பாதியில் அவள் நின்ற மூலை அது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியிருந்தன. அங்கே போய் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருத்தி கைதட்டிக் கூப்பிட்டதும் திரும்பி வந்தாள். ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். கயிற்றைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

அக்கா தம்பியின் தோளைத் தட்டினாள்.

"டேய், அவ சரியில்ல."

"பிசியோ பாத்துட்டாரு அக்கா. சும்மா இரு."

"எந்தப் பக்கம்னே அவளுக்குத் தெரியலடா. பாரு, அந்தக் கயித்த..."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆட்டமே முடிஞ்சிரும்."

"முடியறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா?"

வேலிக் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

அக்கா எழுந்து கத்தினாள். அன்றைக்கென்று பார்த்து மொத்த மைதானமும் அவளை மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது. 'ஹாரன்' ஆரம்பிச்சிட்டா என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட காவலாளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவனைக் கூப்பிட்டாள்.

"அது என் தம்பி பொண்ணு. தலையில அடி. ஆட்டத்த நிறுத்தச் சொல்லுப்பா."

"இருங்கம்மா, கோச்சுக்குச் சொல்லி அனுப்பறேன்." அவன் வாக்கி டாக்கியில் பேச ஆரம்பித்தான். அது கரகரத்தது, திரும்பச் சொல்லச் சொன்னது, மறுபடியும் கரகரத்தது.

அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. எதிரணியில் ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கமாகத் திரும்பினாள். அவளுக்கும் ட்ரைக் கோட்டுக்கும் நடுவில் சுண்டெலி ஒருத்திதான். கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

அக்கா வேலியில் கால் வைத்தாள்.

"அக்கா! அசிங்கப்படுத்தாத!" தம்பி அவள் போட்டிருந்த மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தான். அவள் இரண்டு கையையும் பின்னுக்கு உதறினாள். கோட்டு அவன் கையோடு போனது, அவள் அந்தப் பக்கம் குதித்தாள்.

யூனிஃபார்ம் சட்டையும் டிரைவர் ஷூவுமாக அவள் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடியதைக் கண்டு கேலரி முதலில் சிரித்தது. பிறகுதான் விசில். பந்தோடு வந்தவள் திகைத்து நின்றுவிட்டாள். கூட்டம் ஊளையிட்டது. நடுவர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரும்மா நீங்க? வெளிய போங்க! இல்லன்னா போலீஸக் கூப்பிடுவேன்!"

அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. சுண்டெலியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். பின்னாலேயே பிசியோவும் வந்து சேர்ந்திருந்தார்.

சுண்டெலி சிரித்தாள். "என்ன அத்தை, அதுக்குள்ள உள்ள வந்துட்டீங்க? இன்னும் இடைவேளையே விடலையே."

நடுவர் ஒதுங்கி வழிவிட்டார். பிசியோ சுண்டெலியின் தோளில் கை போட்டு, "வாம்மா, மெதுவா நட" என்றார்.

ஒரு ஆள் குறைந்த அணி அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்தில் இன்னொரு ட்ரையையும் வாங்கிக்கொண்டு தோற்றது. அக்கா அதைப் பார்க்கவில்லை. வெளியே போகும் வழியெல்லாம் அவளை நோக்கி வந்த வார்த்தைகளை எழுத முடியாது.

மைதானத்து ஆம்புலன்ஸில் சுண்டெலியோடு பிசியோ ஏறிக்கொண்டார். தம்பியின் வேன் வெளியே நின்றது. அவன் பின்கதவில் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் வா. குடு சாவிய."

அக்கா ஆம்புலன்ஸ் போன வழியில் வண்டியை விட்டாள். வைப்பர் கிறீச்சிட்டது. அவளுடைய கோட்டு அவன் மடியில் சுருண்டு கிடந்தது.

"நீ எப்போ பாத்தே?" என்று கேட்டான்.

"தப்பான மூலைக்கு ஓடினாளே, அப்போ."

"நான் அதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

அவள் திரும்பினாள்.

"அடிபட்டு எழுந்தா என்னைப் பாத்துக் கட்டைவிரலக் காட்டுவா. எப்பவும் காட்டுவா. இன்னிக்கு என்னப் பாத்தா அக்கா. நேராப் பாத்தா. யாரோ ஒரு ஆளப் பாக்கிற மாதிரி." அவன் கோட்டை முறுக்கினான். "ஒரு ட்ரைதானேன்னு இருந்துட்டேன்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். திட்டினால் அவன் உடைந்துவிடுவான், தேற்றினால் அது பொய்யாகிவிடும். கியரை மாற்றி வண்டியை நகர்த்தினாள்.

ஆஸ்பத்திரியில் சுண்டெலியை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோன பிறகு தம்பி தன் மனைவிக்கு ஃபோன் செய்தான். அவள் போட்ட கூச்சல் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த அக்காவுக்கும் கேட்டது. வந்து சேர்ந்ததும், "அக்காவும் தம்பியுமாச் சேர்ந்து என் பொண்ண மண்ணுல புரள விட்டுட்டீங்க இல்ல? இப்போ திருப்தியா?" என்று இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து வாங்கினாள். இருவரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாருக்கோ திறந்தது. கடைசியில் டாக்டர் அம்மா வந்தார். தலைக்குள்ளே லேசான ரத்தக் கசிவு, ஆபரேஷன் வேண்டியிருக்காது, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தம்பி விடவில்லை. "இன்னொரு தடவை அடிபட்டிருந்தா டாக்டர்?"

"படலையே. அத இப்போ எதுக்கு நினைக்கிறீங்க?" என்றார் அவர். ஆனால் அதைச் சொல்லும்போது அவனுடைய கண்ணைப் பார்க்கவில்லை.

பெண் பிழைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து தலை தெளிந்ததும் அவளுடைய கோபமெல்லாம் மாடிப்படி ஏறிவந்தது.

"ஊரே பாத்துச்சு அத்தை. டீம்ல என்னச் செல்லப்பாப்பான்னு கூப்பிடறாளுங்க. கோச்சுக்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியனுப்பினேன். போய்ச் சேரல. பிசியோ கேட்டப்போ நீ எப்படி அவ்வளவு சரியா பதில் சொன்னே?"

"அதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். எந்த மைதானம், போன வாரம் யாரு ஜெயிச்சா, இன்னிக்கு யாரோட ஆட்டம்... வண்டியில வரும்போதே ஒருத்தர ஒருத்தர் கேட்டுப் படிச்சுக்குவோம். உங்களுக்கு எங்க புரியப்போகுது!"

அக்கா அடுத்த நாளே டூட்டி முடிந்ததும் நேராகப் பிசியோவிடம் போய் அதைச் சொல்லிவிட்டாள். கேள்விகள் மாறின. யார் போட்டுக்கொடுத்தது என்பது அணிக்குத் தெரியாமல் போகுமா? அதன்பிறகு சுண்டெலி அத்தையிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவாள், அவ்வளவுதான். தம்பி நடுவில் கிடந்து தவித்தான். "பேசிருவா அக்கா" என்று அடிக்கடி சொன்னான். அக்கா, "பேசாட்டி போறா. படி ஏறி இறங்கறா இல்ல, அது போதும்" என்பாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய், சும்மாவே யூனிஃபார்மை எடுத்து மறுபடி இஸ்திரி போடுவாள்.

அடுத்த சீசன் தொடங்கியபோது ஒருநாள் காலை கூட்டமான நேரத்தில் சுண்டெலி அவளுடைய பஸ்ஸிலேயே ஏறினாள். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நிறுத்தம் போயிற்று.

"டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் திடீரென்று.

"ம்."

"சனிக்கிழமை. வருவீங்கல்ல?"

அக்காவுக்கு முன்கண்ணாடி கலங்கியது. "ரோட்டப் பாத்து ஓட்ட விடுடி."

"ஆனா ஒண்ணு. வேலியத் தாண்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

சுண்டெலி அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு, "சரி, வாங்க" என்று இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. அக்காவும் தம்பியும் அதே முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே ஒருத்தி பந்தோடு நேராக வந்தாள். சுண்டெலி தாழ்ந்து, தோளைக் கொடுத்து அவளை மடக்கினாள். இருவரும் புழுதியில் உருண்டார்கள். அக்காவும் தம்பியும் எப்போது எழுந்து நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

சுண்டெலி எழுந்தாள். சட்டையைத் தட்டிக்கொண்டாள். தன் வரிசையைத் தேடிப் பார்த்து, சரியான பக்கத்துக்கே ஓடினாள்.

"அய்யா, அம்மா, உட்காருங்க! மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நீ உக்காரு அக்கா."

"நீ உக்காருடா முதல்ல."

இருவருமே உட்காரவில்லை. கடைசி விசில் வரைக்கும் பின்வரிசைக்காரர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள்.