சாக்பீஸ் வட்டமும் ஈரத்துணியும்

வீடு கட்டறது மேஸ்திரிக்குத் தொழில். குத்தம் பார்க்கறது வீட்டுக்காரனுக்குத் தொழில். இட ஒதுக்கீட்டுக்காக ஊரெல்லாம் சாலை மறியல் நடந்த காலத்துல நானும் அந்தத் தொழில்ல இருந்தேன். பூச்சு காயறதுக்குள்ள சுவரை உத்து உத்துப் பார்த்துக் கண்ணு வலிச்சவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

அண்டா தட்டற கை

கள்ளக்குறிச்சியில எனக்குப் பாத்திரக் கடை. சரக்கு வந்து இறங்கினா அண்டா, குண்டான், குடம்னு ஒண்ணு விடாம விரலால தட்டிப் பார்ப்பேன். எங்கயாவது நசுங்கல் இருந்தா அந்த இடத்துல சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு ஓரமா வைப்பேன். திரும்பிப் போகவேண்டிய சரக்குன்னு அர்த்தம்.

வீடு பூச்சு முடிஞ்சதும் கை சும்மா இருக்கல. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு நேரா அங்க போய்ச் சுவரைத் தட்டுவேன். பொக்குன்னு சத்தம் வந்தா ஒரு வட்டம். பூச்சைத் தேய்ச்சுச் சமமாக்கற மணியாஸ் கட்டை இழுத்த கோடு தெரிஞ்சா ஒரு வட்டம். கூடத்து ஜன்னல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, அதுக்குப் பெரிசா ஒண்ணு. மேஸ்திரி ஏழுமலை, இந்த ஊர் ஆளு, கரண்டியைக் கழுவி வெச்சார். அப்புறம் சொன்னார்: "பாய், இது வூடு, அண்டா இல்ல. நீங்க தட்டிக்கினே இருந்தா நல்ல எடமும் நசுங்கிடும்."

ரெண்டு சிவப்பு

எங்களுக்கு அப்ப ஒரே கவலை, மூத்த பொண்ணு சபியா. தியாகதுருகத்துல கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்ககிட்ட வரணும். நாங்க இருந்ததோ மழை பெய்ஞ்சா பாதி வீடு நனையற வாடகை ஓட்டு வீடு. அவ வர்றதுக்குள்ள புது வீட்டுக்குப் போயிடணும்.

கூடத்துல சிவப்பு சிமெண்ட் தரை போட்டுக்கிட்டிருந்தாங்க. பாதி போட்டதும் சாயப்பொடி தீர்ந்துபோச்சு. அன்னைக்குப் பார்த்து ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டுட்டாங்க. லாரி வரல. கரியாலூர்லேர்ந்து வர்ற சித்தாளுங்க மலையை விட்டு இறங்கவே இல்ல. ரோடு திறந்த பிறகு வந்த பொடி வேற சிவப்பு. வாசப்பக்கம் குங்குமம், உள்பக்கம் செங்கல். நடுவுல நறுக்கின மாதிரி ஒரு கோடு. பெயர்த்துட்டுப் புதுசாப் போடச் சொல்லணும்னு நான் குதிச்சேன். என் வீட்டுக்காரி ஹமீதா குதிக்கல. "கொழந்த தவழும்போது குங்குமமா செங்கல்லான்னு கேட்டுக்கினா தவழப் போவுது?"

காணாமப் போன வட்டங்கள்

ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்ல. சாயங்காலம் நான் அத்தனை வட்டம் போடறேன், மறுநாள் பார்த்தா ரெண்டோ மூணோதான் இருக்கு. மத்ததெல்லாம் சரி பண்ணிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். தட்டிப் பார்த்தா அதே பொக்குச் சத்தம்.

ஒருநாள் விடியக்காலை சுபுஹு தொழுகை முடிஞ்சு வீட்டுக்குப் போகாம அங்க போனேன். ஹமீதா வாளியும் ஈரத்துணியுமா நின்னுக்கிட்டிருந்தா. மேஸ்திரி வர்றதுக்குள்ள என் வட்டங்களை ஒவ்வொண்ணா துடைச்சுக்கிட்டிருந்தா. மூணு மட்டும் அப்படியே இருந்தது. குளியலறையில தண்ணி வாசப்பக்கம் ஓடற இடம், மாடியில மழைத்தண்ணி தேங்கற மூலை, கொல்லைப்படியில மத்ததைவிட உசரமா இருந்த ஒரு படி.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "என் வீட்டுல குத்தம் இருந்தா நான் சொல்லக் கூடாதா?"ன்னு கத்தினேன். துணியைப் பிழிஞ்சுக்கிட்டே பதில் சொன்னா: "அத்தனையும் சொன்னா அந்தாளு கரண்டிய வெச்சிட்டுப் போயிடுவாரு. ரோடு இருக்கிற நெலமைக்கு வேற ஆளு எங்க கெடைக்கும்? நீங்க பார்க்கறது கண்ணுல உறுத்தறது. நான் பார்க்கறது சபியா கால் வழுக்கறது."

நிறைகுடம்

குளியலறையும் மாடியும் மேஸ்திரி முணுமுணுத்துக்கிட்டே சரி பண்ணினார். படிக்குத்தான் மல்லுக்கு நின்னார். "ஒரு விரக்கடை உசரம். இதப் போயி ஒடைப்பாங்களா பாயம்மா?"

ஹமீதா சண்டை போடல. கடையிலேர்ந்து வந்த பித்தளைக் குடத்துல தண்ணி நிரப்பி அவர் கையில கொடுத்தா. "இடுப்புல வெச்சிக்கினு எறங்குங்கண்ணே. கீழ பார்க்காதீங்க. மாசமா இருக்கறவளுக்குக் கால் தெரியாது." அவரும் வீராப்பா இறங்கினார். அந்தப் படியில கால் தேடுச்சு, உடம்பு ஆடுச்சு, பாதித் தண்ணி வேட்டியில. சித்தாளுங்க சிரிச்ச சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். வேட்டியைப் பிழிஞ்சுட்டு அவரே கடப்பாரையை எடுத்தார். என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான்: "நீங்க கடையிலயே இருங்க பாய். வூட்டுக்கு இவங்க ஒருத்தங்க போதும்."

மறியல்ல பார்த்த முகம்

குடிபோனதும் சபியாவை அழைச்சுக்கிட்டு வரலாம்னு இருந்தோம். அதுக்குள்ள அவளுக்கு முன்கூட்டியே வலி எடுக்கற மாதிரி இருக்குன்னு தியாகதுருகத்துலேர்ந்து சைக்கிள்ல ஆள் வந்துட்டான். அன்னைக்கு மறுபடியும் மறியல். பஸ் கிடையாது, கார் கிடையாது. நான் ஓடினேன். ஊர் எல்லையில புளியமரம் குறுக்க கிடக்கு, சனம் உட்கார்ந்திருக்கு. நடுவுல ஏழுமலை. அவருக்கும் பள்ளிக்கூடம் போற பசங்க இருக்காங்க, அவருக்கு வேண்டியதுக்கு அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், ஜன்னல் கோணல்னு இங்கயே வந்துட்டீங்களா?"ன்னார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டார். அவர் பங்காளியோட மாட்டுவண்டியைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பினோம். மரம் கிடக்கற இடத்துலயெல்லாம் வண்டியை வயல்ல இறக்கி ஏத்தினோம். சபியாவை ஏத்திக்கிட்டுத் திரும்பறப்ப ஒரு இடத்துல இளவட்டங்க மறிச்சு, "யாரு வூட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் சொல்லிட்டார்: "என் வூட்டுப் பொண்ணு. பசங்களா, வண்டிச் சக்கரத்துல கை குடுங்க."

ஈரச் சுவர்

அல்லாவோட கிருபையில ஆஸ்பத்திரிக்கு நேரத்துல போய்ச் சேர்ந்தோம். பேரன் பொறந்தான். தாயும் பிள்ளையும் புது வீட்டுக்கு வந்த அன்னைக்கு மழை வெளுத்து வாங்குச்சு. கூரையிலேர்ந்து ஒரு சொட்டு உள்ள விழல.

மழை விட்டதும் குழந்தையைப் பார்க்க ஏழுமலை வந்தார். பேசிக்கிட்டே அவர் கண்ணு கூடத்து ஜன்னலுக்குப் போச்சு. "அது கோணலாத்தான் நிக்குது பாய். ரெண்டு நாள் குடுங்க, நேராக்கிடறேன்"னார். "எந்த ஜன்னல்?"னு கேட்டேன். ஹமீதா முந்தானையால வாயை மூடிக்கிட்டா. மேஸ்திரி டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்: "நீங்க தொடச்சது எனக்குத் தெரியும் பாயம்மா. தெனம் காத்தால வந்தா செவுத்துல வட்ட வட்டமா ஈரம். மொத நாளு, செவுரே ஒழுவுதுன்னு மாடிக்கு ஏறிப் போயிப் பார்த்தேன்."

இனிமே வீடு கட்டப் போறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: சாக்பீஸை நீங்க வாங்கிக்குங்க, ஈரத்துணியை மட்டும் வீட்டம்மா கையில கொடுத்துடுங்க.